வாக்கியங்களுக்காக முன்னுரையைக் கொடுத்தவருக்கு

எங்கள் ஆங்கில-தமிழ் அகராதி அலுவலகத்தின் முதன்மைப் பதிப்பாசிரியரே, சொல்லைத் தேடிச் சோர்வடையாதவரே, பொருளைத் தேடிப் பொறுமை இழக்காதவரே, பிழை எங்கே பதுங்கினாலும் பிடித்து இழுத்து வந்த சிவப்புப் பென்சிலுக்குச் சொந்தக்காரரே, எங்கள் அன்புக்குரிய அக்காவே, வணக்கம்.

இதற்கு மேல் ஓர் அடைமொழி சேர்த்தாலும் நீங்கள் அடித்துவிடுவீர்கள். ஆகவே நிறுத்திக்கொள்கிறோம்.

மெய்ப்புத் திருத்துபவராக நீங்கள் இந்த அலுவலகத்துக்குள் நுழைந்து முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அன்று நீங்கள் உட்கார்ந்த இடம் மாடிப்படி முடிகிற மூலை. இன்று உட்காரும் இடமும் அதுதான். தனி அறை தந்தபோது, "அங்க உக்காந்தா நீங்க சண்டை போடுறது எனக்குக் கேக்காது" என்று மறுத்துவிட்டீர்கள். சொல்லுக்குப் பொருள் எழுதும் இடத்தில் சண்டை வந்துகொண்டேதான் இருக்கும். அதைத் தீர்த்து வைப்பவர் நீங்கள். முகத்துக்கு நேரே உங்களை அக்கா என்போம். முதுகுக்குப் பின்னால் ஜட்ஜம்மா என்போம். இது உங்களுக்குத் தெரியும் என்பது எங்களுக்கும் தெரியும்.

நீங்கள் கொண்டுவந்த ஒரு வழக்கத்தை இங்கே வந்திருக்கும் உங்கள் குடும்பத்தாருக்காகச் சொல்கிறோம். ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் கீழே ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் வேண்டும். அதை எழுதியவர் தேநீர் நேரத்தில் எழுந்து நின்று உரக்கப் படிக்க வேண்டும். நீங்கள் கேட்பீர்கள்: "இதை யார் சொல்வாங்க? யார்கிட்ட? எப்போ?" பதில் இல்லையென்றால் வாக்கியம் செத்தது. தேன் தடவியது போல ஒன்றை எழுதிவந்த எங்களில் ஒருவரிடம், "இப்படி எந்த மனுஷன்மா பேசுறான்? காட்டு, போய்க் கும்பிட்டுட்டு வரேன்" என்றீர்கள். அழகான வாக்கியங்கள் எத்தனையோ அந்த மேசையில் உயிர் விட்டன. உயிரோடு எழுந்தவை மட்டும் அகராதிக்குள் போயின.

இந்த ஆண்டின் தொடக்கத்தில் அந்த வாக்கியங்களுக்கே ஆபத்து வந்தது.

எங்கள் பதிப்பாளரின் மகன், நாங்கள் சின்னவர் என்று அழைப்பவர், பொறுப்பேற்றதும் புதிய பதிப்பின் பக்கங்களைக் குறைக்கச் சொன்னார். எடுத்துக்காட்டுகள் அனைத்தையும் எடுத்துவிடலாம் என்றார். எடுத்துவிட்டால் எடுத்துக்காட்டுப் பிரிவு எதற்கு? அந்தப் பிரிவில் இருக்கும் மூவரும் அன்று தேநீர் குடிக்கவில்லை.

நீங்கள் ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தன. பேசாமல் இருந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டோம். நீங்கள் நேரே அவர் அறைக்குப் போனீர்கள். கதவைச் சாத்தவில்லை. ஆகவே நாங்கள் ஒட்டுக்கேட்டோம் என்று சொல்ல முடியாது.

"வார்த்தைக்கு ஒரு வார்த்தை போதும், அக்கா. பசங்க அவ்வளவுதான் பாக்குறாங்க" என்றார் சின்னவர். மேசைமேல் இருந்த அச்சுப்படியில் ஒரு சொல்லின்மேல் விரலை வைத்தார். "இதையே எடுத்துக்கோங்க. ஈக்வேட். சமப்படுத்து. முடிஞ்சுது. இதுக்குக் கீழ மூணு வரி எதுக்கு?"

"அப்படியா தம்பி? முடிஞ்சுதான்னு பாத்துடலாம். முடியலேன்னா வாக்கியம் இருக்கணும். முடிஞ்சுதுன்னா எடுத்துடுங்க. ஆனா முதல் பக்கத்துல இருந்து என் பேரையும் சேத்து எடுத்துடுங்க."

முதல் பக்கத்தில் உங்கள் பெயர் அச்சாகவிருந்த முதல் பதிப்பு இது.

மறுநாள் நீங்கள் செய்ததை நாங்கள் இன்னும் பேசிப் பேசி மகிழ்கிறோம். இரண்டு அறைகளில் ஆட்களை உட்கார வைத்தீர்கள். மெய்ப்பு அறையில் விற்பனை மேலாளர், வண்டி ஓட்டுநர், உங்கள் வற்புறுத்தலால் சின்னவரும். அவர்களுக்குக் கொடுத்த துண்டுச் சீட்டில் "ஈக்வேட்: சமப்படுத்து" என்று மட்டும் இருந்தது. புத்தகக் கட்டு அறையில் கணக்காளர், அச்சுக்கோப்பவர், ஆள் போதாததால் கீழ்த்தளத்து டயர் கடைக்காரர். அவர்களுக்குப் பொருளே தரவில்லை. மூன்று வாக்கியங்கள் மட்டும். ஆங்கிலத்தில் இருந்தவற்றை இங்கே தமிழில் தருகிறோம், வினைச்சொல்லை மட்டும் அப்படியே விட்டு:

மெலிவாக இருப்பதையும் நலமாக இருப்பதையும் பலர் ஈக்வேட் செய்கிறார்கள்.
நான் பேசாமல் இருப்பதைச் சம்மதத்தோடு ஈக்வேட் செய்யாதே.
பெரிய வீட்டையும் பெரிய மனசையும் ஈக்வேட் செய்ய முடியாது.

ஒவ்வொருவரும் அந்தச் சொல்லை வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத வேண்டும். பேசக் கூடாது. பார்த்து எழுதக் கூடாது. விற்பனை மேலாளர் பார்த்து எழுத முயன்றார். வாசலில் நின்றிருந்த நீங்கள் தொண்டையைச் செருமினீர்கள்.

பிறகு எல்லாரையும் கூட்டி வைத்துப் படித்தீர்கள். முதலில் மெய்ப்பு அறை.

விற்பனை மேலாளர்: "ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் அட்டை வைத்து மேசையை ஈக்வேட் செய்தேன்."

ஓட்டுநர்: "ரோடு ரோலர் வந்து எங்கள் தெருவை ஈக்வேட் செய்தது."

சின்னவர்: "என் மகள்கள் இருவரும் சண்டை போட்டார்கள். நான் அவர்களை ஈக்வேட் செய்து தூங்க வைத்தேன்."

"சார், ரெண்டு பேரையும் ஒரே உயரத்துக்கு வெட்டிட்டீங்களா?" என்றார் விற்பனை மேலாளர்.

"உங்க மேசைக்கு இது பரவாயில்ல" என்றார் சின்னவர். ஆனால் காது சிவந்திருந்தது.

அடுத்து புத்தகக் கட்டு அறை.

அச்சுக்கோப்பவர்: "என் மாமியார் உப்பையும் அன்பையும் ஈக்வேட் செய்வார். குறைத்துப் போட்டால் மூன்று நாள் பேச மாட்டார்."

கணக்காளர்: "நேரத்துக்கு வருவதையும் வேலை செய்வதையும் நிர்வாகம் ஈக்வேட் செய்கிறது."

டயர் கடைக்காரர்: "புது டயரையும் நல்ல டிரைவரையும் ஈக்வேட் செய்யாதீர்கள்."

"யாரைச் சொல்றீங்க?" என்று ஓட்டுநர் எழுந்துவிட்டார்.

"பொதுவாச் சொன்னேன்பா. நீ ஏன் எந்திரிக்கிற?"

கூடம் முழுக்கச் சிரித்தது. சிரிக்காதவர் சின்னவர் ஒருவர்தான். "ஒத்துக்க மாட்டேன் அக்கா. புத்திசாலிங்களாப் பொறுக்கி அந்த அறையில உக்கார வெச்சிட்டீங்க."

நியாயமான மறுப்பு. நீங்கள் கோபப்படவில்லை. "சரி, அறையை மாத்துங்க" என்றீர்கள். வேறொரு வினைச்சொல். இப்போது பொருள் மட்டும் கிடைத்தவர்கள் கணக்காளரின் குழுவினர். வாக்கியங்கள் கிடைத்தவர்கள் சின்னவரின் குழுவினர். கணக்காளர் எழுதியதை இந்தச் சபையில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். சின்னவர் எழுதியதோ சரியாக இருந்தது. அவருக்கே ஆச்சரியம். தாளை இரண்டு முறை படித்துப் பார்த்தார். எங்களில் அறிவியல் படித்தவர்களும் இருக்கிறோம். ஒரு சோதனையை இவ்வளவு ஒழுங்காக, இவ்வளவு சிரிப்போடு செய்து நாங்கள் பார்த்ததில்லை.

அந்தச் சொல்லுக்கு நீங்கள் இறுதியாக எழுதிய பதிவு இது: "இரு வேறு பொருள்களை ஒன்றெனக் கருது, ஒன்றுக்கு மற்றது சமம் எனக் கொள்." அதன் கீழே குறிப்பு: "சமமாக மாற்றுவது அன்று, சமமென எண்ணுவது. பொருள்கள் இருந்தபடியே இருக்கும், நம் எண்ணமே அவற்றை ஒன்றாக்கும். ஆகவே 'செய்யாதே', 'முடியாது' என்பவற்றோடு அதிகம் வரும். கணிதத்தில் மட்டும், இரு கோவைகளைச் சமமென எழுதுவதைக் குறிக்கும்." கணித வரிக்காக எங்களைக் கூப்பிட்டுக் கேட்டீர்கள். நாங்கள் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளாமல், "யார் சொல்வாங்க? யார்கிட்ட?" என்றும் கேட்டீர்கள்.

ஆனால் சின்னவர் முழுவதுமாக இறங்கிவரவில்லை. "வாக்கியம் இருக்கட்டும் அக்கா. ஆனா பக்கம் ஏறக் கூடாது. வேற எதையாவது எடுங்க."

"எடுக்கிறேன்" என்றீர்கள்.

எதை எடுத்தீர்கள் என்பது அச்சுக்குப் போகும் நாளில்தான் எங்களுக்குத் தெரிந்தது. உங்கள் முன்னுரையை. இங்கே வந்த நாளிலிருந்து நீங்கள் எழுதியும் திருத்தியும் வந்த நீண்ட கட்டுரை அது. சொற்கள் எப்படி ஊர் விட்டு ஊர் போகின்றன, போகிற வழியில் எதைத் தொலைக்கின்றன, எதைத் தூக்கிக்கொள்கின்றன என்று சொல்வது. மழை பெய்து மின்சாரம் போன மதியங்களில் அதிலிருந்து எங்களுக்குப் படித்துக் காட்டியிருக்கிறீர்கள். அடுத்த பத்தியை எப்போது படிப்பீர்கள் என்று காத்திருந்தவர்கள் நாங்கள்.

"அக்கா, அதுக்குப் பதிலா வாக்கியங்கள்ல பாதிய எடுத்துடலாம்" என்று எடுத்துக்காட்டுப் பிரிவில் ஒருவர் சொன்னார்.

"முன்னுரைய யாருமா படிப்பாங்க? எழுதினவங்க, அப்புறம் அவங்க வீட்டுக்காரர். என் வீட்டுக்காரர் ஏற்கெனவே படிச்சிட்டார்."

நாங்கள் சிரித்தோம். நீங்களும் சிரித்தீர்கள். பிறகு அந்தப் பக்கங்களை அடுக்கி, கிளிப் போட்டு, உங்கள் பைக்குள் வைத்துக்கொண்டு, "சரி, அடுத்த சொல் என்ன?" என்றீர்கள். உங்கள் கை அந்தப் பையின் மேலேயே சிறிது நேரம் இருந்தது. இன்று சொல்கிறோம். நீங்கள் எதைக் கொடுத்தீர்கள் என்று எங்களுக்குத் தெரியும், அக்கா.

உங்களைப் பாராட்டும் நாளில் உங்கள் நல்ல குணங்களை வரிசையாகச் சொல்ல வேண்டும் என்பார்கள். நேரந்தவறாமை உண்டு. கடுமை உண்டு, அதற்குப் பிறகு ஒரு பிஸ்கட் உண்டு. எந்தப் பிழையையும் யாருடைய பிழை என்று கேட்காமல் திருத்திய பண்பு உண்டு. மீதியை உங்கள் கணவர் அறிவார்.

இன்று காலை அச்சகத்திலிருந்து வண்டி வந்தது. கட்டுகளை மேலே தூக்கிவர ஓட்டுநருக்கு டயர் கடைக்காரர் கை கொடுத்தார். இந்தக் கூடத்தில் இப்போது அடிப்பது புதுத் தாளின் வாசனை. காலையிலிருந்து இருவர் மாறி மாறிக் காவல் இருக்கிறோம், ஒரு கட்டைக்கூட யாரும் பிரிக்காதபடி. சின்னவர்கூட இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். முதல் கட்டின் கயிற்றை அறுக்க வேண்டியவர் நீங்கள். கத்தரிக்கோல் உங்கள் முன்னால் இருக்கிறது.

இனி வரும் நாள்களில் உடல்நலம் உங்களோடு ஒத்துழைக்கட்டும். கண் தெளிவாக இருக்கட்டும், காது இன்னும் கூர்மையாக இருக்கட்டும். காலை அவசரமில்லாமல் விடியட்டும். உங்கள் வீட்டில் எப்போதும் யாராவது பேசிக்கொண்டே இருக்கட்டும். நீண்ட காலம், நிறைந்த மனத்தோடு, நீங்களும் உங்கள் குடும்பத்தாரும் வாழ வேண்டும் என்று மனமார விரும்புகிறோம்.

அக்கா, கட்டைப் பிரியுங்கள். உங்கள் பெயர் முதல் பக்கத்தில் இருக்கிறது.

என்றும் அன்புடன்,
மெய்ப்புப் பிரிவினர்
அச்சுக்கோப்புப் பிரிவினர்
விற்பனை, கணக்குப் பிரிவினர்
எடுத்துக்காட்டுப் பிரிவினர், மூவரும்