தரை வழியே ஊசிக்கு

இசைத்தட்டின் லேபிளில் ஓர் ஓட்டலின் பெயர் இருந்தால், பாட்டும் அந்த ஓட்டலில்தான் பதிவானது என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் லண்டன் ஓட்டல்களில் நடனத்துக்கு வாசித்த குழுக்கள், பதிவுக்கென்று பகலில் வேறெங்கோ போயின. மெழுகில் ஒலியை வெட்டும் எந்திரம் பெரியது. அதைத் தூக்கிக்கொண்டு அலைவதைவிட, வாசிப்பவர்கள் அதைத் தேடி வருவது எளிது. ஸ்டூடியோ, தொழிற்சாலைக் கட்டடம், சில சமயம் தேவாலயக் கூடம். எந்தத் தட்டு எங்கே பதிவானது என்று காதால் கண்டுபிடிப்பதே என் வேலையாக இருந்தது. யாரும் கொடுத்த வேலை இல்லை.

என் அப்பா மலாயாவின் தைப்பிங்கில் வெள்ளைக்காரத் துரைமார் கிளப்பில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். கிளப்பில் தூக்கிப்போட இருந்த தட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். பிறகு நானும் என் மனைவி தமயந்தியும் அவற்றோடு நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்து, அங்கே மவுண்ட் ரோஸ்கில்லில் ஒரு மரவீடு வாங்கினோம்.

நுரையீரல் கெட்ட பிறகு தமயந்திக்கு ஆக்சிஜன் எந்திரம் வந்தது. பக்கத்து அறையில் அது இராப்பகலாக உறுமியது. மரத்தரை என்பதால் உறுமல் தரை வழியே வந்து இசைத்தட்டின் ஊசியில் ஏறும். ஹெட்போன் மாட்டினாலும் தப்ப முடியாது. எனக்கு வேண்டிய மெல்லிய சத்தங்கள் எல்லாம் அந்த உறுமலுக்கு அடியில் கிடந்தன.

ஆகவே எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. தட்டின் ஒரு பக்கம் ஓடி முடியும்வரை எந்திரத்தை நிறுத்துவேன். அவள் நாற்காலியில் அசையாமல் இருப்பாள். முடியவில்லை என்றால் கைத்தடியால் தரையைத் தட்டுவாள். அவளே சொன்ன யோசனைதான்.

அந்த மதியம் நான் எடுத்த தட்டு ஸ்டூடியோவில் பதிவானது என்று தவராசா பல நாளாகப் போனில் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். லண்டனில் இருக்கும் இலங்கைத் தமிழர், என்னைப்போலத் தட்டு சேர்ப்பவர்.

"உங்க வெள்ளைக்காரன் ஓட்டல்லயும் வாசிக்கல, ஸ்டூடியோவுலயும் வாசிக்கலன்னா, எங்கதாங்க வாசிச்சான்? கக்கூஸ்லயா?" என்றாள் தமயந்தி.

"சர்ச்சுலன்னு நெனைக்கிறேன். அடியில சுரங்க ரயில் ஓடுற சர்ச்சு."

"சரி, நிப்பாட்டிட்டுக் கேளுங்க. ஒரு தடவதான். ரெண்டாவது தடவ போட்டீங்கன்னா ஆள் இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

சிரித்தாள். அவளுக்குச் சளி பிடித்திருந்தது. சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. நான் எந்திரத்தை நிறுத்தினேன்.

முதல் தடவை, வயலின் ஓய்ந்த இடத்தில், வெகு ஆழத்தில் ஓர் உருளல் கேட்டது. ரயில். ஆனால் எங்கள் தெருவில் போன பஸ்ஸாகவும் இருக்கலாம். இதற்கு ஒரே சோதனைதான் உண்டு. மறுபடியும் அதே இடத்தில் கேட்டால் சத்தம் தட்டில் இருக்கிறது. கேட்காவிட்டால் வீட்டிலிருந்து வந்தது. எழுந்து போய் எந்திரத்தை ஓடவிட்டிருக்கலாம். போனால், இன்றைக்குப் போதும் என்பாள். ஊசியைத் திரும்பவும் தொடக்கத்தில் வைத்தேன். இம்முறை கணினியில் பதிவும் செய்தேன்.

உருளல் அதே இடத்தில் வந்தது. அதற்குச் சற்று முன்பே ஒரு தட்டல் தொடங்கியிருந்தது. முதல் தடவை அது இல்லை.

பக்கம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. இன்னொரு ரயில் வரலாம் என்று காத்திருந்தேன். வரவில்லை. தட்டலும் நின்றுவிட்டது. பொறுத்துக்கொண்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆம்புலன்ஸில் வந்தவர்களிடம், தூக்கத்தில் ஆக்சிஜன் குழாய் மூக்கிலிருந்து நழுவிவிட்டது என்று சொன்னேன். நழுவித்தான் இருந்தது. எந்திரத்தை ஓடவிட்ட பிறகு நான்தான் அதை நழுவவிட்டேன். ஆக்லாந்தின் தெற்கே தகனினியிலிருந்து வந்த மகள் அஞ்சனா என் தோளைக் கட்டிக்கொண்டு, "இட்ஸ் நாட் யுவர் ஃபால்ட், பா" என்றாள். தமிழில் சொல்லியிருந்தால் மறுத்திருப்பேனோ என்னவோ.

எந்திரத்தை ஆஸ்பத்திரிக்காரர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். அந்த உறுமல் இல்லாமல் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அவள் நாற்காலிக்குக் கீழே, கைத்தடி பட்ட பலகையில் சின்னச் சின்னப் பள்ளங்கள் இருக்கின்றன. பெருக்கும்போது அந்த இடத்தை விட்டுவிடுகிறேன்.

கருமாதி முடிந்த வாரம் பதிவைத் தவராசாவுக்கு அனுப்பினேன். அனுப்பும் முன் தட்டல்களை நீக்கினேன். கீறல் சத்தத்தை நீக்குவது போலத்தான். ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் நீக்க முடியும். முதலில் பலமாக இருந்தன, போகப்போகத் தளர்ந்தன. கடைசித் தட்டல் டிரம்மோடு ஒட்டி விழுந்திருந்தது. இசை கெடாமல் அதை எடுக்க ஒரு பகல் முழுக்க ஆயிற்று.

தவராசா போனில் கூப்பிட்டார். "ஓம் அண்ணை, ரயில்தான். நீங்கள் சொன்னதுதான் சரி. ஒரு சின்னச் சத்தம் கூட இல்லை. உங்கட வீடு அவ்வளவு அமைதியே?"

"ஆமாங்க," என்றேன். "என் வீட்டுக்காரி ரொம்ப ஒத்தாசையா இருந்தா."