நடு இரண்டு இலக்கம்

ஸ்டேஷன் டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது சார், பரவாயில்லை, குடித்துவிடுகிறேன். எனக்குக் குறை சொல்லிப் பழக்கமில்லை. வரிசையாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ள உங்களுக்கும் சுலபமாக இருக்கும்.

ஆரணியில் குமரேசன் ஐயாவின் பட்டுக்கடையில் நான்தான் கம்ப்யூட்டர் பார்க்கிறேன். முள்ளிப்பட்டில் வீட்டுத்தறி போட்டிருப்பவர்களுக்கு நாங்கள் பாவு நூல் கொடுப்போம், அவர்கள் புடவையாக நெய்து தருவார்கள். அடுத்த பாவு யாருக்கு என்பதில் முன்பெல்லாம் தினமும் சண்டை. அந்தப் பேஜாரே வேண்டாமென்று ஒரு புரோகிராம் எழுதினேன். யாருக்கு வேலை என்பதை இப்போது அதுதான் சொல்கிறது.

ஒவ்வொரு தறிக்கும் ஓர் எண் உண்டு. உதாரணத்துக்கு 1407031. முதல் இரண்டு இலக்கம் ஊர், நடு இரண்டு தெரு, கடைசி மூன்று தறி. இதிலிருந்து வேண்டிய துண்டை மட்டும் வெட்டியெடுக்க ஒரே வரி போதும். எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்று சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் பூஜ்யத்திலிருந்து எண்ணும், அதனால் இரண்டில் தொடங்கி நான்குக்கு முன்னால் நிறுத்தச் சொன்னேன். 07 தனியாக வந்தது. வெட்டியெடுத்த பிறகும் முழு எண் அப்படியே இருக்கும் சார், அதற்கு ஒரு சேதமும் கிடையாது. இதை அவசியம் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏழாம் தெரு என்றால் காலனி. நான் யாருடைய சாதியையும் கேட்டதில்லை. நடு இலக்கம் 07 என்றிருந்தால் அந்தத் தறியை வரிசையின் கடைசிக்கு அனுப்பு என்று அடுத்த வரியில் எழுதினேன். யாரையும் நீக்கவில்லை. கல்யாண சீசனில் அவர்களுக்கும் பாவு போனது. சீசன் முடிந்ததும் வரிசை அவ்வளவு தூரம் போகவில்லை, அவ்வளவுதான்.

சில மாதம் கழித்துக் காத்தாயி கடைக்கு வந்தாள். அவள் தறிதான் 031. கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், பக்கத்துத் தெருவுல எல்லாரும் நெய்ஞ்சிகினு இருக்காங்க. எங்களுக்கு மட்டும் பாவு வரமாட்டேங்குது. என் நம்பர்ல எதுனா தப்பா?"

"நம்பர் கரெக்டாத்தாங்க இருக்குது. சிஸ்டம்ல உங்க முறை இன்னும் வரலீங்க."

"அப்ப தறிய வித்துடச் சொல்றியா... சொல்றீங்களா சார்?"

அவள் வாய் தவறியதைக் கடையில் யாரும் கவனிக்கவில்லை. எனக்கு அது பெரிய நிம்மதி. அவள் என் அக்கா. சின்ன வயதிலேயே சேத்துப்பட்டு விடுதிக்குப் போய்விட்டவன் நான், தெருவில் அவளைத் தவிர யாருக்கும் என் முகம் நினைவில்லை. நான் படித்ததே அவள் அந்தத் தறியில் உட்கார்ந்து நெய்த கூலியில்தான். கடையில் சேர்ந்தபோது, என்னைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளாதே என்று கேட்டுக்கொண்டேன். கடைசிவரைக்கும் அவள் அந்தப் பேச்சைக் காப்பாற்றினாள். நல்லவள்.

அவளுக்கு மட்டுமாவது விலக்கு கொடுத்திருக்கலாமே என்பீர்கள். கொடுத்தால் ஏன் என்று ஒருவராவது கேட்பார்கள். தறியை விற்ற மறுநாள் அவள் இறந்தாள். எப்படி என்பதை நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள்.

முதலாளி சொல்லித்தான் செய்தாயா என்று மறுபடியும் கேட்கிறீர்கள். இல்லை சார். ஒருநாள் சென்னையிலிருந்து கல்யாண வீட்டார் ஒருவர் போன் செய்து, முகூர்த்தப் புடவை எந்தத் தெருவில் நெய்தது என்று கேட்டார். ஐயா போனை வைத்துவிட்டு, "பட்டுக்கு இன்னாய்யா தெரு?" என்று சிரித்தார். அதோடு மறந்தும் போனார். நான் மறக்கவில்லை. இன்றைக்குப் புடவையைக் கேட்கிறவர்கள் நாளைக்கு என்னைக் கேட்பார்கள். ஏழாம் தெருவுக்கு வேலை போகாமல் நானே செய்துவிட்டால், என்னையும் அந்தத் தெருக்காரன் என்று எவன் சந்தேகப்படப் போகிறான்? அன்று சாயங்காலமே அந்த இரண்டு வரியையும் எழுதினேன். யாரும் சொல்லவில்லை. அதனால்தான் அக்கா செத்தாள் என்பதும் எனக்குத் தெரியும்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். முகவரிக்கு மட்டும், அன்பரசு, ஆரணி என்று எழுதிக்கொள்ளுங்கள் சார். தெரு வேண்டாம்.