வாறத மட்டும் பாத்தேன்

காலக் கொஞ்சம் நீக்கி வையி மக்ளே, வயரு உனக்க நாற்காலிச் சக்கரத்துல மாட்டியிருக்கு. ம், கிட்டியாச்சு. வயருக்கு ஒரு கேடும் இல்ல. இந்தச் செருப்பு உனக்கதா? இல்லியா. செரி, மேசைக்கு அடியிலயே கெடக்கட்டு.

என்ன சாருன்னு விளிக்காண்டாம். சத்தியநேசன் அண்ணன்னு விளி. இந்த ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டரு, வயரு எல்லாம் நான்தான் பாக்கேன். உனக்கு ஜெபமலரா? களியக்காவிளைல இருந்து தினமும் பஸ்ஸுலயா வாற? ஓ, கரமனையில ஹாஸ்டல் எடுத்தாச்சா. பெட்டி படுக்கையெல்லாம் கொண்டு வந்தாச்சா? இல்ல, வெறுதே கேட்டேன்.

காலையில போன்ல நீ அழுதுட்டே சொன்னியே. ரத்த ரிசல்ட்ட அனுப்பினேன், ஸ்கிரீன்ல அனுப்பியாச்சுன்னு வந்தது, நாலாம் வார்டுல கிட்டலன்னு சத்தம் போடுதாங்கன்னு. நீ அனுப்பின மக்ளே. எனக்குத் தெரியும்.

எப்பிடியா? இந்தா, லாப்டாப்பப் பாரு. இங்கயுள்ள கம்ப்யூட்டரெல்லாம் சுவருல தொங்குத அந்தப் பெட்டியில வந்து சேருது, சுவிட்ச்சு. இந்தப் பிள்ளைக்க வயருல ஓடுததுக்கெல்லாம் எனக்கும் ஒரு காப்பி தான்னு அதுகிட்ட சொல்லி வச்சா, தரும். பாக்கெட் கேப்சருன்னு சொல்லுவோம். வித்தையொண்ணும் இல்ல, போறதையும் வாறதையும் பாக்கியது. இந்த நீலக் கோடு பூரா நீ அனுப்பினது. அங்கேருந்து பதிலே இல்ல, அதனால திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கு. கேடு நாலாம் வார்டுச் சுவிட்ச்சுல. எழவு, இவ்வளவு நாளும் அங்கதான் இருந்திருக்கு.

உனக்கு முன்ன இந்த லேபுல ஆரா? ரெம்யான்னு ஒருத்தி. வித்துராக்காரி. கொஞ்சம் வாய்த்துடுக்கு. ஒருதடவ பாஸ்வேர்டு மாத்திக் குடுக்க நான் லேட்டாக்கிட்டேன். சத்தியநேசன் அண்ணனுக்கு சாயா குடிக்க மட்டும்தான் நேரமுண்டுன்னு எல்லாரு முன்னயும் சொல்லிட்டா. அது உள்ள கெடந்து நீறிட்டே இருந்தது. இல்லன்னு சொல்லமாட்டேன்.

அவளுக்கும் இதே கம்ப்ளெயிண்டுதான். நான் அனுப்பினேன்னு அவ, வரலன்னு நாலாம் வார்டு. ஆரு சொல்லுதது நேருன்னு பாக்க என்னக் கேப்சரு ஓட்டச் சொன்னாங்க. அண்ணைக்குன்னு பாத்து ஒரு வயசானவருக்குப் பொட்டாசியம் கூடிக் கெடந்திருக்கு. ரிசல்ட்டு டாக்டருக்குக் கிட்டும்போ ஆள ஐசியுவுக்கு எடுத்தாச்சு. பொழச்சுட்டாரு, தெய்வமே. ஆனா வீட்டுக்காரங்க விடுவாங்களா? மேனேஜர் ஸ்ரீஜித் சாரு எங்கிட்டக் கேட்டாரு, அவ அனுப்பினாளா இல்லியான்னு.

இங்கதான் கேளு. போறது வாறது ரெண்டையும் பிடிச்சா லாப்டாப்பு திணறும்னு ஒரு பக்கம் மட்டும் வச்சேன். அவ அனுப்புதது மட்டும் போதும்லா. ஆனா பக்கம் மாறிப் போச்சு. அவளுக்கு வாறதத்தான் பிடிச்சிருக்கேன், அவகிட்டேருந்து போறத ஒண்ணையும் பிடிக்கல. உள்ள வாற வாசல்ல நின்னுட்டு, வெளிய ஒருத்தனும் போகலன்னு வாட்ச்மேன் சொன்ன கததான்.

செக் பண்ணலியான்னா? பண்ணணும். அண்ணைக்கு வேற வார்டுக்கு அவ அனுப்பினதெல்லாம் ஒழுங்காப் போய்ச் சேந்திருக்கு. அதுல ஒண்ணத் தேடியிருந்தா, அதுவும் கேப்சருல இல்லன்னு தெரிஞ்சிருக்கும். அப்ப தப்பு எனக்க பக்கம்னு புரிஞ்சிருக்கும். எங்க வேலையில முதல் பாடமே அதாக்கும். நான் தேடல. அந்த வயசானவருக்க ரிசல்ட்ட மட்டும் தேடினேன். கிட்டல. சந்தோஷப்பட்டேன் மக்ளே. வேற என்ன வார்த்த சொல்ல, சந்தோஷம்தான். நேரா சாருகிட்டப் போயி, அவ அனுப்பலன்னு சொல்லிட்டேன்.

அவள வேலைய விட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அவ பையத் தூக்கிட்டு எறங்கும்போ நான் இங்க நிக்கல. சாயா குடிக்கப் போயிட்டேன்.

இண்ணைக்கு நீ விளிச்சதும், அதே பழைய செட்டிங்குல வச்சுப் பாத்தேன். உனக்கதும் ஒண்ணும் கிட்டல. ஓ, இவளும் கள்ளம் சொல்லுதாளேன்னு நினைச்சேன் பாரு, அப்பந்தான் செட்டிங்கத் திறந்து பாத்தேன். ரெண்டு பேரும் எப்பிடிக் கள்ளம் சொல்லுவாங்க? வாற பக்கம்னு கெடந்தத போற பக்கமா மாத்தி வச்சேன். நீ திரும்ப அனுப்பினது வரிசையா வந்து விழுந்தது. நீ மட்டும் விளிக்காம இருந்திருந்தா அந்தப் பிள்ளைக்க பேரு போனது போனதுதான்.

சாருகிட்ட சொல்லியாச்சு. திட்டினாரு. என்ன வைப்பாங்களா போகச் சொல்லுவாங்களான்னு தெரியாது, அது எனக்கு உள்ளதுதான். ரெம்யாவ நான் விளிச்சேன், எடுக்கல. சாரு விளிச்சப்ப எடுத்தா. அழுதாளாம்.

அய்யோ, அந்தச் செருப்பச் சவிட்டித் தள்ளாத மக்ளே. லேபுக்குள்ள போட ரெம்யா வச்சிருந்ததாக்கும். நாளைக்குக் காலையில வந்து போடுவா.

நீயா? இங்க இந்த ஒரு சீட்டுதான் உண்டு. அதான் மக்ளே வந்ததும் கேட்டேன், பெட்டி படுக்கையெல்லாம் கொண்டு வந்தாச்சான்னு.