டிராக்டர் பேருக்கு அர்ச்சனை

குச்சனூர் சனீஸ்வரன் கோயில் வாசலில் பஸ் ஏறிய விவசாயி, பக்கத்து சீட்டு இளைஞரிடம், "டிராக்டர் பேருக்கு அர்ச்சனை பண்ணிட்டு வர்றேன் மாப்ள" என்றார். இதை எழுதியே ஆகவேண்டும் என்று பின்சீட்டில் இருந்த எனக்கு அப்போதே தோன்றிவிட்டது.

"நட்சத்திரம் என்ன சொன்னீக மாமா?"

"கிண்டலா? அப்பா காலத்துப் பெட்ரோல் வண்டி, கரும்புகையாக் கக்குது. நாளைக்கு உழலேன்னா நாத்து முத்திப்போயிரும்."

"கார்புரேட்டருக்குக் காத்து போகுதா?"

"தூசியும் சேந்து போகுதேன்னு காத்து போற வாயில சாக்கக் கட்டிருக்கேன்."

"மூச்சப் பொத்திட்டுப் பெட்ரோல ஊட்டுனா, பின்ன பூவாக் கக்கும்?"

"பெட்ரோல் அளவு வைக்கிற ஸ்க்ரூவக்கூட திருகிப் பாத்துட்டேன்."

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்."

"நல்ல வேள, மூணாவது பக்கம் இல்ல."

மாமாவின் ஊர் வந்தது. "மொதல்ல சாக்க அவுக்குறேன். அப்புறம் ஸ்க்ரூவத் திருகப் போறது நீதேன்" என்று மாப்பிள்ளையின் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்.