அடியெடுத்துக் கொடுத்த நாலு பேர்

அக்கா: நான் ஆட்டலடா, நீதான் இழுக்கற.

தம்பி: நீ சிரிக்கற, அதான் தலை ஆடுது. பசை காயற வரைக்கும் சும்மா இரேன். விக் கோணிக்கிட்டா ராணியோட கிரீடம் காதுல போய் நிக்கும்.

அக்கா: பின்ன... இன்னைக்கு வரி எடுத்துக் குடுக்கற பெட்டில நம்ம வானொலிக்காரர்னு சொன்னியே, சிரிக்காம என்ன பண்றது?

தம்பி: மெதுவா பேசு. பக்கத்து ரூம்லதான் டீ குடிச்சிட்டு இருக்கார்.

அக்கா: கேக்கட்டுமே. தேசிய நாடக அரங்குக்கே நிர்வாகி. அவ்வளவு பெரிய மனுஷன் கோட்டைக் கழட்டி வெச்சிட்டு, மேடைக்குக் கீழ அந்தப் பொந்துல குந்திக்கிட்டு, எனக்கு அடியெடுத்துக் குடுக்க வர்றார். மொத தடவை வந்தப்ப என்ன ஆச்சு, ஞாபகம் இருக்கா?

தம்பி: இந்தக் கட்டடத்துல அத மறந்தவங்க யாரு?

அக்கா: ஒரு வரி எனக்கு வரல. நடிகர் காதுல மட்டும் விழற மாதிரி கிசுகிசுக்கணும், அதான வேலை? இவர் இருபது வருஷம் வானொலில செய்தி வாசிச்ச மனுஷன். நிறுத்தி, நிதானமா, கடைசி வரிசை வரைக்கும்...

தம்பி: பால்கனில ஒருத்தர் எழுந்து நின்னு தேடினாராம், ரேடியோ எங்க ஓடுதுன்னு.

அக்கா: கைதட்டினாங்கடா. எனக்கில்ல, பெட்டிக்கு.

தம்பி: அதுக்கப்புறம் வீட்டுல கிசுகிசுக்கப் பழகினாராம். தொண்டை போச்சுன்னு பயந்து அவர் சம்சாரம் கஷாயம் வெச்சுக் குடுத்துட்டாங்க.

அக்கா: கிண்டல் பண்ணாலும் ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு கரண்ட் போச்சே, பாதி நாடகத்துல? ஜனங்க இருட்டுல எழுந்து முட்டி மோத ஆரம்பிச்சாச்சு. இவர் திரைக்கு முன்னாடி வந்து நின்னார். மைக் கிடையாது. "எல்லாரும் உக்காருங்க, நான் இங்கயே இருக்கேன்"னார். அவ்வளவுதான். புயல் நேரத்துல ராத்திரி பகலா செய்தி சொன்ன குரல் அது... நம்பாம இருக்க முடியுமா? ஒரு குழந்தை கூட அழல.

தம்பி: கன்னத்த உப்ப வைக்காத. நெத்தி ஓரத்துல விக்கோட வலை ஒட்டல இன்னும்.

அக்கா: கிரேன் அண்ணன் எங்க? நேத்துப் பெட்டில அவர்தான?

தம்பி: மேல ஏறியிருக்கார். விளக்குக் கம்பி ஏதோ சத்தம் போடுதாம். மேடைத் தலைவர் ஆனப்புறமும் ஆள அனுப்ப மாட்டார், தானே ஏறுவார்.

அக்கா: துறைமுகத்துல கிரேன் ஓட்டினவர். உயரத்துல இருந்தாத்தான் அவருக்குத் தரை மாதிரி. ஆனா பெட்டில உக்கார வெச்சா வாயே திறக்க மாட்டேங்கறார்டா.

தம்பி: சத்தத்துல வேலை பாத்தவர். அவருக்குப் பேச்செல்லாம் கையிலதான்.

அக்கா: நான் வரி தெரியாம முழிக்கறேன். அவர் உள்ளங்கையத் திருப்பி, மெதுவா மேல தூக்கறார். சரக்கத் தூக்குன்னு அர்த்தம் போல. எனக்கென்ன தெரியும்? நான் சிம்மாசனத்துல இருந்து எழுந்துட்டேன்.

தம்பி: அந்த இடத்துல ராணி எழுந்திருக்கவே கூடாது.

அக்கா: கூடாது. ஆனா எழுந்தேன், வரியும் வந்துடுச்சு. சபை அப்படியே உறைஞ்சு போச்சு. இயக்குநரம்மா வந்து, இனிமே தினமும் அங்க எழுந்திருங்கன்னுட்டாங்க. அண்ணன் ரெண்டு நாள் என் மூஞ்சியப் பாக்கவே வெக்கப்பட்டார்.

தம்பி: கோர்ட்டம்மாவ விட்டுட்டியே.

அக்கா: ஐயோ, அவங்க தனி. நாடகப் பிரதிக்கெல்லாம் தலைவி, ஒரு எழுத்து மாறினா பொறுக்க மாட்டாங்க. அவங்களாவது ஒழுங்கா எடுத்துக் குடுப்பாங்கன்னு நெனைச்சேன். நீதிமன்றத்துல சுருக்கெழுத்து எழுதினவங்க இல்லையா... நான் நின்னதும், கீழ இருந்து, "கடைசியா நீங்க சொன்னது"ன்னு ஆரம்பிச்சு, நான் சொன்ன வரியையே எனக்குத் திருப்பி வாசிக்கறாங்க.

தம்பி: சாட்சிக்கு வாசிச்ச மாதிரி.

அக்கா: எனக்கு அடுத்த வரி வேணும், அவங்க முந்தின வரியக் குடுக்கறாங்க. ஆனா பாரு, நான் சொன்னதையே இன்னொருத்தர் வாயால கேட்டதும், அடுத்தது தானா நாக்குல வந்து நின்னுடுச்சு.

தம்பி: ஒத்திகையில ஒரு சின்ன நடிகர் சும்மா உளறினது கூட அவங்க எழுதி வெச்சிருப்பாங்க. போன நாடகத்துல அந்த உளறல்தான் முடிவு வசனமே. விளம்பரத்துல அந்தப் பையன் பேரையும் போட வெச்சாங்க. யார் சொன்னதோ அது சொன்னவங்க பேர்லதான் இருக்கணும்னு சண்டை.

அக்கா: நல்லவங்கடா நாலு பேரும். எங்கெங்கயோ வேலை பாத்துட்டு வந்து சேந்தவங்க. ஆரம்பத்துல நம்மாளுங்க என்ன பேச்சு பேசினாங்க, செய்தி வாசிக்கறவனுக்கும் பிரசவம் பாத்த நர்ஸுக்கும் நாடகத்தப் பத்தி என்ன தெரியும்னு...

தம்பி: நீயும் பேசினே.

அக்கா: பேசினேன். அந்த நர்ஸ், அதான் நம்ம இயக்குநரம்மா, மொத தடவை பெட்டில உக்காந்த அன்னைக்கு வாய மூடிட்டேன். நான் வரி மறந்து நிக்கறேன். கீழ குனிஞ்சு பாத்தா, அவங்க பிரதியவே பாக்கல. என்னையே பாத்துட்டு, "மூச்சு விடுங்க... அவசரமில்ல... வரும்"னாங்க. பிரசவ அறையில எத்தனை பொம்பளைங்களுக்கு அதே மாதிரி சொல்லியிருப்பாங்களோ. வந்துடுச்சுடா. மழை மாதிரி வந்துச்சு.

தம்பி: ம்.

அக்கா: என்ன ம்?

தம்பி: ஒண்ணுமில்ல. தாடைய அசைக்காத... ஆமா, அந்தம்மாவுக்கு இன்னைக்கு பதில் சொல்லணுமே நீ. புது நாடகம்.

அக்கா: சொல்லணும்.

தம்பி: சரின்னுதான?

அக்கா: முடியாதுன்னு.

தம்பி: ...அக்கா.

அக்கா: பசைய உலர விடு. ஏன் விக்க இழுக்கற?

தம்பி: உனக்காகவே எழுதின வேஷம்டா அது... பாரு, வாய் குழறுது எனக்கு. உனக்காக எழுதின வேஷம்கா. முழு நாடகமும் உன் தோள்லதான். யாருக்குக் கிடைக்கும்?

அக்கா: அதான். முழு நாடகமும். வயசாச்சு. ராணிய முடிச்சிட்டு கௌரவமா இறங்கிக்கறேன்.

தம்பி: வயசா? நேத்து மூணு மாடி ஏறி வந்து என்னத் திட்டிட்டுப் போனே.

அக்கா: திட்டறதுக்குத் தெம்பு தனியா வரும்.

தம்பி: வரிதான் பயம்னா, பெட்டி இருக்குல்ல? நாலு பேரும் முறை வெச்சு உக்காருவாங்க.

அக்கா: அது இந்த நாடகத்துக்கு. தலைமைல இருக்கறவங்க மேடையக் கீழ இருந்தும் பாக்கணும்னு இயக்குநரம்மா கொண்டு வந்த வழக்கம். அடுத்த நாடகத்துக்கும் உக்காருவாங்கன்னு யார் சொன்னா?

தம்பி: உக்காருவாங்க.

அக்கா: உனக்கெப்படித் தெரியும்?

தம்பி: தெரியும்... விடேன்.

அக்கா: டேய். கண்ணாடில என்னப் பாத்துச் சொல்லு.

தம்பி: விக் கோணிக்கும்.

அக்கா: கோணட்டும்.

தம்பி: ...நான்தான் போய்க் கேட்டேன்.

அக்கா: யாருகிட்ட?

தம்பி: இயக்குநரம்மாகிட்ட. இந்த நாடகம் தொடங்கின புதுசுல. அக்கா, கோவிச்சுக்காத. தினமும் உன் நெத்தில கை வெச்சு விக் ஒட்டறவன் நான். நீ மொதக் காட்சிய முணுமுணுப்பே, அந்த நேரம் உன் தாடை அசையறது என் விரலுக்குத் தெரியும். எத்தனை வருஷமாத் தெரியும். திடீர்னு ஒரு நாள் நடுவுல நின்னுச்சு. மறுநாளும் அதே இடத்துல. அப்புறம் வேற இடத்துல... நீ இருமற மாதிரி பண்ணி சமாளிச்சே.

அக்கா: அந்த இருமல் கூட உனக்குத் தெரிஞ்சுதா?

தம்பி: அம்மாவுக்கு இப்படித்தான தொடங்குச்சு? அடுப்பு முன்னாடி நின்னு, என்ன எடுக்க வந்தேன்னு தேடுவாங்க. உனக்காகன்னு தனியா ஒரு ஆளப் பெட்டில வெச்சா ஊரே நாலு விதமா பேசும். உனக்கும் தெரிஞ்சிடும், நீ உடைஞ்சிடுவே. அதான் அவங்ககிட்ட அழுதேன். எங்க அக்காவுக்குத் தெரியாம ஏதாவது பண்ணுங்கன்னு.

அக்கா: அவங்க என்ன சொன்னாங்க?

தம்பி: பொறுமையா கேட்டாங்க. தண்ணி குடுத்தாங்க. யோசிக்கறேன்னாங்க. அந்த வாரமே கூட்டம் போட்டு, இனிமே நாங்க நாலு பேரும் பெட்டில உக்காருவோம், நாங்களும் கத்துக்கணும்னு அறிவிச்சிட்டாங்க. பத்திரிகைக்காரங்க வந்து கேட்டப்ப கூட உன் பேர் வரல. அந்த மூணு பேருக்கும் விஷயம் தெரியும், ஒருத்தர் வாயத் திறக்கல. எவ்வளவு வேலை அவங்களுக்கு... கிரேன் அண்ணனுக்கு முதுகு வலி வேற, அந்தப் பொந்துல மடங்கி உக்காந்துட்டு எழுந்திருக்கும்போது சுவத்தப் பிடிச்சுப்பார். யாரும் பாக்கலன்னு நெனைச்சுக்கிட்டு.

அக்கா: பாத்திருக்கேன்.

தம்பி: நெஜமான பெரிய மனுஷங்கக்கா. அவங்க இருக்கற வரைக்கும் நீ நடிக்கலாம். அதுக்காகத்தான் சொல்றேன், சரின்னு சொல்லு... என்னத் திட்டு. அடி வேணும்னாலும். இப்படிக் கண்ணாடியவே பாத்துட்டு இருக்காத... பசை கரையுதுக்கா, அழாத... மறைச்சது தப்புதான்.

அக்கா: அன்னைக்கு இயக்குநரம்மா ரூம்ல நீ அழுத நாற்காலில, அதுக்கு மொத நாள் உக்காந்து அழுதவ நான்டா. எனக்கு மறக்குது, டாக்டரும் ஆரம்பம்தான்னு சொல்லிட்டார், ஏதாவது வழி பண்ணுங்க, ஆனா என் தம்பிக்கு மட்டும் தெரியக் கூடாது, கடைசில அவன் பேரக் கூட மறந்துட்ட அம்மாவ மடில வெச்சுப் பாத்துக்கிட்டவன் அவன், இன்னொரு தடவை தாங்க மாட்டான்னு நான்தான் அவங்க கையப் பிடிச்சுக்கிட்டேன்... அவ்வளவு பெரிய வேஷம் எடுத்தா உங்கிட்ட மறைக்க முடியாதேன்னுதான்டா வேணாம்னேன், இனிமே எதுக்கு வேணாம், கண்ணத் தொடச்சுட்டு விக்க நேரா வை, சரின்னு சொல்லிட்டு வந்துடறேன்.