கட்டம் காலியா இருந்தா பிரிண்ட் வராது

இல்ல டாக்டர், அவசரம்லாம் ஒண்ணுமில்ல, நீங்க மொதல்ல அந்த டீயக் குடிங்க. ஆமா, ஸ்கேன் டிபார்ட்மென்ட்தான். ரிப்போர்ட் டைப் பண்றவ. பதினாறு வருஷமா போன்ல என்னைத் திட்டறீங்க, மூஞ்சிய இன்னைக்குத்தான் பாக்கறீங்க.

புது ஃபாரம் நல்லாருக்கா? யாரு போட்டதுன்னு நெனச்சீங்க? ஆஸ்பத்திரியை நடத்தற பெரிய மேடமா? ஐய, மேடம் கையெழுத்துதான் போட்டாங்க. ஃபாரம் போட்டது நானு. காரணம் நீங்க. மறந்துட்டீங்களா? எங்க காவியம் இருக்காரே, அதான், பெரிய ஸ்கேன் டாக்டர், முதுகுக்குப் பின்னாடி அப்படித்தான் சொல்லுவோம், நீங்க போட்டுக் குடுத்துடாதீங்க. அவர் ஒரு வயித்து ஸ்கேனுக்கு மூணு பக்கம் சொல்லி, நானும் அடிச்சு அனுப்பினேன். கல்லீரல் எவ்வளவு கம்பீரமா வீற்றிருக்கு, மண்ணீரல் எவ்வளவு அடக்கமா ஒதுங்கியிருக்குன்னு ஒரே வர்ணனை. கடைசியில, மருத்துவர் தம் பரிசோதனையோடு பொருத்திப் பார்த்துக்கொள்வது நலம். அதாவது, எனக்குத் தெரியல, நீயே பாத்துக்கோ. நீங்க அது மேலயே செவப்பு மையில, யோவ், குடல்வால் வீங்கியிருக்கா இல்லையான்னு எழுதித் திருப்பி அனுப்பினீங்க. மேடம் அதைப் பாத்துட்டாங்க.

என்னைக் கூப்பிட்டு, இனிமே எல்லாருக்கும் ஒரே மாதிரி ஃபாரம், நீயே எழுதிக் கொண்டான்னாங்க. எனக்கு என்ன தெரியும் டாக்டர்? நான் படிச்சது டைப்பிங். ஆனா ரிப்போர்ட் போனப்புறம் நீங்கள்லாம் போன் பண்ணி என்ன கேப்பீங்கன்னு அத்துப்படி. எந்தப் பக்கம்? எத்தனை மில்லிமீட்டர்? போன தடவையை விடப் பெருசா? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கட்டம் போட்டேன். முடிவைத் தூக்கி மேல வச்சேன். கட்டம் காலியா இருந்தா பிரிண்ட் வராதுன்னு கம்ப்யூட்டர்காரரை விட்டு ஒரு பூட்டும் போட வச்சேன்.

காவியம் குதிச்ச குதி இருக்கே! நான் டாக்டரா, விண்ணப்பம் நிரப்பற ஆளான்னு. மூணு நாள் என் பக்கமே திரும்பல. அப்புறம் கட்டத்துக்கு ஒரு புள்ளி வச்சார், பிரிண்ட் வந்துடுச்சு. நான் புள்ளியத் தடுத்தேன். உடனே எல்லாத்துலயும் நார்மல். ஒரே தட்டு, இருபது நார்மல். ஒருநாள் ஒரு லாரி டிரைவர், இவ்ளோ பெரிய மீசை, நேரா என் மேஜைக்கு வந்தார். ஏம்மா, கர்ப்பப்பை நார்மல்னு போட்டிருக்கே, இது நல்லதா கெட்டதாங்கறார்!

பாத்து டாக்டர், சட்டையில கொட்டுது. சிரிக்கறீங்க, அதுல எம்மேலயும் தப்பு இருக்கு. ஆம்பளைக்குத் தனி ஃபாரம் வைக்காம விட்டவ நாந்தான். ஆனா மானம் போனது அவருக்கு. கேன்டீன்ல பிரசவம் எப்பன்னு ஆளாளுக்குக் கேட்டுட்டாங்க. அன்னையிலேர்ந்துதான் மனுஷன் பாத்துட்டுத் தட்ட ஆரம்பிச்சார். ஒரு கட்டம், திரும்பப் படத்துல ஒரு பார்வை. அடுத்த கட்டம், இன்னொரு பார்வை. நெஜமாத்தான்.

போன செவ்வாக்கிழமை ஒருத்திக்கு ஸ்கேன் எடுத்தாங்க. விலாவுல குத்தல். வலது சிறுநீரகத்துல கல்லு, பாத்த ஒடனே தெரிஞ்சுது. பழைய காவியமா இருந்தா அந்தக் கல்லையே ரெண்டு பக்கம் பாடிட்டு வீட்டுக்குக் கெளம்பியிருப்பார். ஆனா கணையம்னு ஒரு கட்டம் நிக்குதே. முனகிக்கிட்டே படத்துக்குத் திரும்பினார். பாத்தார். பெருசு பண்ணிப் பாத்தார். கணையத்தோட வால் பக்கம் பதினாலு மில்லிமீட்டர் கட்டி.

எப்பவும் மைக்ல சொல்லுவார், நான் காதுல மாட்டிக்கிட்டு அடிப்பேன். அன்னைக்கு மைக்கை வச்சுட்டு எந்திரிச்சு என் மேஜைக்கே வந்துட்டார். இத்தனை வருஷத்துல மொத தடவையா ஒரு வர்ணனை இல்லாம பேசினார். சின்னதா இருக்கும்போதே மாட்டியிருக்கு, வேற எங்கயும் இருக்கற மாதிரி தெரியல, ஆபரேஷன் டாக்டரை நேர்ல போய்ப் பாரும்மான்னார். மனுஷனுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நாந்தான் தண்ணி எடுத்துக் குடுத்தேன். அடியில ஒரு கட்டம் வச்சிருக்கேனே, நோயாளிகிட்ட சொல்லியாச்சா, எத்தனை மணிக்குன்னு, அதை நானே அடிச்சுக்கிட்டேன். பதினொன்னரை.

ஆமா டாக்டர், எனக்குத்தான். ஏன் எந்திரிக்கறீங்க, உக்காருங்க. இந்தாங்க, ஒரே பக்கம்தான். வீட்டுக்காரர்கிட்ட கல்லுன்னு மட்டும்தான் சொல்லியிருக்கேன். ஆபரேஷன் என்னைக்குன்னு சொன்னீங்கன்னா, லீவுக்கு எழுதிக் குடுத்துட்டுப் போயிடுவேன்.