வட்ட மேஜை

"...இல்ல, நான் கேக்குறேன், பொரிச்ச கோழி வாசனை கக்கூஸுக்குள்ள இருந்து வரலாமா? வரலாமாங்கறேன்! கதவத் தொறக்க வேணாம்மா, பயப்படாத. மாணவர் நலப் பிரிவு குசகாபே மேடம்தான். சுவரு பூரா போஸ்டர்ல ரெண்டு கையும் விரிச்சுச் சிரிக்கிறேனே, அதே ஆளு.

ஏன்மா, கேன்டீன்ல எட்டு எட்டுப் பேரு உக்கார வட்ட மேஜை போட்டு வச்சிருக்கேன். 'பக்கத்துல இருக்கவங்க பேரக் கேளுங்க'ன்னு மேஜைக்கு மேஜை அட்டை வேற! தொறப்பு விழா அன்னிக்கு இலவசக் கறிச்சோறுன்னதும் முட்டி மோதிக்கிட்டு வந்தீங்க. துணைவேந்தர் போட்டோ எடுத்துக்கிட்டாரு. மறுநாள்? ஈ காக்கா இல்ல.

என்னது... ஜன்னலோரம் இருந்த ஒத்தை நாற்காலியா? தடுப்புக்குப் பின்னால மூஞ்சிய ஒளிச்சுக்கிட்டுத் திங்கிறதுக்கா? அத நான்தான் பிடுங்கச் சொன்னேன்! தனியாவே உக்காந்தா மனசு வாடிப் போவாதா? உங்க நல்லதுக்குத்தானேம்மா... என்ன, அந்த ஒரு எடத்துக்காகத்தான் காலேஜுக்கே வந்தியா? ம்ம்... சரி, அத விடு.

உங்களச் சொல்லி என்ன, என் ஆபீஸ் ஆளுங்க மட்டும் ஒழுங்கா? மதியம் எல்லாரும் ஒரே மேஜை, ஆளுக்கு ஒரு விஷயம் மனசு தொறந்து சொல்லணும்னு ஏற்பாடு பண்ணேன். அந்த ஹிராபயாஷி இருக்காளே, வாயத் தொறந்தா காத்துதான் வரும்... அவ எந்திரிச்சு, 'மேடம், நீங்க பேசிக்கிட்டே இருக்கறதால எங்களுக்குச் சோறு எறங்கல'ன்னுட்டா! ஒருத்தராவது இல்லன்னாங்களா? எல்லாரும் தட்டையே பாக்குறாங்க. நான், 'அருமை, இப்படித்தான் மனசு தொறக்கணும்'னு கை தட்டுனேன். வேற என்னம்மா பண்றது?

இரு, பக்கத்துக் கக்கூஸுக்குள்ள வந்துட்டேன்... டக்குன்னு கேட்டது டப்பா மூடிதான். ஆமா, சாப்பாட்டு டப்பா! சிரிக்காத. ஒத்தை நாற்காலியத்தான் நானே தூக்கிப் போட்டுட்டேனே, எங்க போவேன்? இந்தா, முட்டைச் சுருள். மூடியில வச்சு தடுப்புக்கு அடியில நீட்டுறேன், பிடி. கொஞ்சம் இனிப்பு தூக்கலா இருக்கும்... எடுத்துக்கிட்டியா? நல்லாருக்கா?

அய்யோ, அந்தச் செருப்புச் சத்தம்... ஹிராபயாஷிதான்! கால மேல தூக்கிக்கறேன். உள்ள யாருன்னு கேட்டா நீ மட்டும் கொரல் குடும்மா. நான் வாயே தொறக்கல..."